ஆளுக்கொரு அவசரம்: மென்பொருள் கேள்வி–பதில்

‘ஆளுக்கொன்று கேட்கிறார்கள், யார் சொல்வதைக் கேட்பது?’ மென்பொருள் திட்டங்களில் வேலை செய்யும் வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம். சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: திருப்பூரில் ஒரு நூல் வியாபாரிக்கு டெஸ்பாட்ச், பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். முதலாளிக்கு முதலில் மொபைல் டாஷ்போர்டு வேண்டும். கணக்குப் பிரிவு, ‘இ-இன்வாய்ஸை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்’ என்கிறது. குடோன் சூப்பர்வைசரோ, ‘திரையில் இத்தனை கட்டம் வைத்தால் லாரி நின்றுவிடும்’ என்கிறார். மூன்று பேருக்கும் அவரவருடையதுதான் முதல் வேலை. கையில் இருப்பது நான்கு மாதம். எங்கே ஆரம்பிப்பது?
— பிசினஸ் அனலிஸ்ட், கோவை

மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ‘எது முதலில்?’ என்று கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். அப்படிக் கேட்டால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முதலாளி எதிரில் சூப்பர்வைசர் பாதிதான் பேசுவார். கணக்காளர் எதற்கும் இருக்கட்டும் என்று பட்டியலை நீட்டுவார்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பாருங்கள். ஆளுக்கு நாற்பது நிமிடம் போதும். ‘என்ன வேண்டும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பதில் எப்போதும் ஒரு திரையாகவோ ஒரு ரிப்போர்ட்டாகவோதான் வரும். இந்த மூன்றைக் கேளுங்கள்: இது இல்லாமல் மென்பொருள் ஓட ஆரம்பித்தால் முதல் வாரத்தில் உங்களுக்கு என்ன அடி விழும், யார் வந்து உங்களைக் கேள்வி கேட்பார்கள்? இன்றைக்கு அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அந்தச் சமாளிப்பு கடைசியாக எப்போது கைவிட்டது? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு நோட்டையோ, எக்செல் ஷீட்டையோ, அடித்துத் திருத்திய பில்லையோ எடுத்துக் காட்டுவார்கள். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீங்கள் எழுதப்போகும் ரிக்வயர்மென்ட் ஆவணத்தைவிட அந்தப் படம் அதிகம் உதவும்.

நூல் வியாபாரத்தில் இப்படிக் கேட்டால் என்ன வரும் என்று பார்ப்போம். கணக்காளரின் பயம் ஒரு நாள் கெடு. இ-இன்வாய்ஸுக்கு, அதாவது அரசுப் போர்ட்டலில் பதியும் பில்லுக்கு, ஐ.ஆர்.என். என்ற பதிவு எண் வாங்கிவிட்டால் அங்கே அதை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். சரக்கை லாரியில் கொண்டுபோகத் தேவையான இ-வே பில் நடப்பில் இருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். ரத்தான இன்வாய்ஸ் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. 24 மணி நேரம் தாண்டிவிட்டால் கிரெடிட் நோட்டுதான் வழி. ஆகவே அவர் கேட்பது ‘இ-இன்வாய்ஸ் வசதி’ என்றாலும் அவருக்கு உண்மையில் தேவைப்படுவது தப்பான பில் வெளியே போகாமல் இருப்பது.

சூப்பர்வைசரின் கவலை வேறு. ஒரே கவுண்ட் (பருமன்) நூலாக இருந்தாலும் லாட் (ஒரே தொகுதியாகத் தயாரான நூல்) மாறினால், பின்னி முடித்துச் சாயம் போட்ட பிறகு துணியில் கோடு கோடாக நிற வித்தியாசம் தெரியும். துணி வீணானால் பார்ட்டி முதலில் கூப்பிடுவது இவரைத்தான். அதனால் லாரியில் ஏற்றும்போது ஒரு லாட்டில் மூன்று மூட்டை குறைந்தால், வேறு லாட்டைக் கலந்து எண்ணிக்கையைச் சரிக்கட்ட மாட்டார்; 40 மூட்டைக்கு 37தான் ஏற்றுவார். லாட் என்ற சொல்லே உங்கள் கூட்டக் குறிப்பில் இருக்காது. அவருக்கு அது அவ்வளவு வெளிப்படையான விஷயம், சொல்ல வேண்டும் என்றே தோன்றாது.

முதலாளியிடம், ‘காலையில் போனைத் திறந்ததும் எந்த எண்ணைப் பார்த்து என்ன முடிவு எடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். எந்த கவுண்ட் எத்தனை மூட்டை கையிருப்பு, நேற்று எவ்வளவு போனது, எந்தப் பார்ட்டி தவணை தாண்டிவிட்டார், இன்றைக்கு யாருக்கு லோடு நிறுத்த வேண்டும் என்று நான்கைந்து எண்ணில் விஷயம் முடிந்துவிடும். வண்ண வண்ண வரைபடம் அவர் எங்கோ பார்த்தது.

இப்போது நிஜமான மோதல் எங்கே என்று தெரிகிறதா? டாஷ்போர்டுக்கும் இ-இன்வாய்ஸுக்கும் சண்டையே இல்லை. பில் எப்போது போடுவது என்பதில்தான் சிக்கல். கணக்காளர் மத்தியானமே ஆர்டரைப் பார்த்துப் பில் போட்டு முடித்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பப் பார்க்கிறார். லோடு ஏறுவது சாயங்காலம். 40 என்று பில் போட்டபின் 37 ஏறினால் இ-வே பில் ரத்து, ஐ.ஆர்.என். ரத்து, புது எண்ணில் புதுப் பில், அதுவரை லாரி வாசலில். சரி, ஏற்றிவிட்டுப் பில் போடலாம் என்றால் போடுகிற ஆள் வீட்டுக்குப் போயிருப்பார்.

இதற்கு ஒரு வழி உண்டு. பில்லை இரண்டாகப் பிரியுங்கள். பார்ட்டி, ஜி.எஸ்.டி. எண், விலை, தவணை ஆகியவற்றைக் கணக்காளர் மத்தியானமே சரிபார்த்து ஒப்புதல் கொடுத்துவிடுவார். எண்ணிக்கையும் லாட்டும், லாரியில் ஏற்றும்போது சூப்பர்வைசர் பதியும் ஏற்றுப் பட்டியலில் இருந்து மட்டுமே வரும். சூப்பர்வைசர் ‘ஏற்றி முடிந்தது’ என்று அழுத்தியதும் மென்பொருளே ஐ.ஆர்.என். வாங்கி, இ-வே பில்லும் எடுக்கும். ஒப்புதல் தந்த விலையில் கை வைக்க சூப்பர்வைசருக்கு அனுமதி இருக்காது. எண்ணிக்கையில் கை வைக்கக் கணக்காளருக்கு இருக்காது. சாயங்காலமே கையிருப்பு சரியாகிவிடுவதால் முதலாளி கேட்ட எண்கள் தனி உழைப்பில்லாமல் கிடைக்கும்.

வேலை வரிசை இதிலிருந்து தானாக வரும். முதல் மூன்று வாரம் ஏற்றுப் பட்டியல், அடுத்த நான்கு வாரம் இ-இன்வாய்ஸ் இணைப்பு, சோதனை ஓட்டம், அதன்பின் டாஷ்போர்டு. ஆனால் பணம் கொடுப்பவர் இரண்டு மாதம் எதையும் பார்க்காமல் இருந்தால் மூன்றாவது மாதம் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார். அதனால் ஏற்றுப் பட்டியல் ஓடத் தொடங்கிய மறுநாளே, காலை ஒன்பது மணிக்கு அவர் போனுக்கு அந்த நான்கு எண்களும் ஒரு சாதாரண மெசேஜாகப் போகட்டும். கையிருப்பும் லோடும் பட்டியலிலிருந்தே வரும். பாக்கிக் கணக்கை இப்போதிருக்கும் கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர் எந்த எண்ணைப் பற்றித் திரும்பக் கேட்கிறார் என்பதைக் கவனித்தால் டாஷ்போர்டில் எதை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, கண்டிப்பாகச் செய்ய வேண்டியது. இரண்டு நாள், மாலை ஐந்திலிருந்து எட்டு வரை குடோனில் நில்லுங்கள். பேச வேண்டாம், பாருங்கள். கையில் பஞ்சுத் தூசியோடு தொடுதிரை வேலை செய்கிறதா? உள்பக்க அடுக்குகளில் டவர் கிடைக்கிறதா? மூட்டைக்கு நான்கு முறை அழுத்த வேண்டும் என்றால் 40 மூட்டைக்கு 160 முறை. லாட் வாரியாகப் போட்டால் மூன்று லாட்டுக்கு மூன்றே வரி. ‘இத்தனை கட்டம் வைத்தால் லாரி நின்றுவிடும்’ என்று அவர் சொன்னது பிடிவாதமாகத் தெரிந்திருக்கும். அது இந்தக் கணக்குத்தான்.

கேள்வி: ஸ்டேக்ஹோல்டர் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘பங்குதாரர்’ என்று எழுதலாமா?
— தொழில்நுட்ப எழுத்தாளர், சென்னை

வேண்டாம். பங்குதாரர் என்றால் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர், அல்லது தொழிலில் கூட்டாளி என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதினால் சட்டக் குழப்பமே வரும். பேச்சில் ஸ்டேக்ஹோல்டர் என்றே புழங்குகிறது. எழுத்தில் ‘சம்பந்தப்பட்டவர்கள்’ போதும். பங்கு வைத்திருப்பவரிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதற்காகவே 1963ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்றில் இந்தச் சொல் நிர்வாகத் துறைக்குள் வந்தது. யாருடைய ஆதரவு இல்லாவிட்டால் ஒரு நிறுவனம் நடக்க முடியாதோ அவர்கள் எல்லோரும் என்பது அன்றைய பொருள். அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டால் இரவு டேட்டா பேக்கப் எடுப்பவரும் பட்டியலில் வந்துவிடுவார். வர வேண்டியவர்தான்.

கேள்வி: அம்சங்களை ‘கட்டாயம், தேவை, இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம்’ என்று நான்காகப் பிரிக்கச் சொன்னோம். வாடிக்கையாளர் 64 அம்சத்தில் 58ஐக் கட்டாயம் என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு இந்த முறையால் என்ன பயன்?
— புராஜெக்ட் மேனேஜர், சென்னை

இந்த நான்கு பிரிவு முறையை 1994ல் ஆரக்கிள் நிறுவனத்தின் பிரிட்டன் பிரிவில் இருந்த டாய் கிளெக் உருவாக்கினார். அதனுடன் சேர்ந்து வர வேண்டிய ஒரு விதியை நம் ஊரில் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்த முறையைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட டி.எஸ்.டி.எம். என்ற மென்பொருள் திட்ட வழிமுறை, ‘கட்டாயம்’ என்பது மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 20 சதவீத அளவுக்காவது ‘இருந்தால் நல்லது’ பிரிவில் இருக்க வேண்டும். இது அம்சங்களின் எண்ணிக்கைக் கணக்கல்ல, உழைப்புக் கணக்கு. உழைப்பின் மதிப்பீடு பக்கத்தில் இல்லாமல் வெறும் பட்டியலை அனுப்பினால் எல்லாமே கட்டாயமாகத்தான் திரும்பி வரும். விலை எழுதாத மெனு கார்டில் யார் யோசித்து ஆர்டர் செய்வார்கள்?

கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். மூன்று டெவலப்பர், நான்கு மாதம், மாதம் 20 வேலை நாள் என்றால் 240 நாள். விடுப்பு, பிழை திருத்தம், கூட்டம் எல்லாவற்றுக்கும் கால் பங்கு கழித்தால் 180. அதில் 60 சதவீதம் 108. ஒவ்வொரு அம்சத்தின் எதிரிலும் அதற்கான நாளை எழுதி, ‘108 நாள் வரும்வரை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கொடுங்கள். 109ஆவது நாளை எடுக்க வேண்டுமானால் ஏற்கனவே எடுத்த ஏதோ ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும். அந்தத் திருப்பி வைக்கும் இடத்தில்தான் உண்மையான முன்னுரிமை தெரியும்.

‘கட்டாயம்’ என்று குறித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை உண்டு: இது ஒன்று மட்டும் தயாராகாவிட்டால் கோ-லைவை, அதாவது மென்பொருளை நிஜப் பயன்பாட்டுக்கு விடுவதை, நிறுத்துவீர்களா? ‘நிறுத்த மாட்டோம், ரெண்டு வாரம் எக்செல்லில் ஓட்டிக்கொள்வோம்’ என்று பதில் வந்தால் அது கட்டாயம் இல்லை.

ஆளுக்கு நூறு புள்ளி கொடுத்து அம்சங்களுக்குப் பிரித்துப் போடச் சொல்லும் முறையும் உண்டு. நல்ல முறைதான், ஆனால் எல்லோருடைய புள்ளிகளையும் கூட்டி முதலிடம் கண்டுபிடிக்காதீர்கள். விற்பனைப் பிரிவிலிருந்து ஐந்து பேரும் கிடங்கிலிருந்து ஒருவரும் வந்தால் கூட்டல் யாரைச் சொல்லும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அதோடு தன் அம்சம் மற்றவர்கள் தயவில் எப்படியும் வந்துவிடும் என்று தெரிந்தவர், தன் புள்ளி முழுவதையும் வேறெதிலாவது கொட்டுவார். புள்ளிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, இருவருக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரியும் அம்சங்களை மட்டும் எடுத்துப் பேசுங்கள். ஒருவர் 40, இன்னொருவர் 0 போட்ட இடத்தில்தான் உங்களுக்குத் தெரியாத தகவல் இருக்கும்.

கேள்வி: பயனாளர்களைச் சந்திக்க வாடிக்கையாளரின் மேனேஜர் விடுவதில்லை. ‘அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும், என்னிடமே கேளுங்கள்’ என்கிறார். ஒரே ஆளிடம் பேசுவது எங்களுக்கும் வசதியாகத்தான் இருக்கிறது. இதில் என்ன ஆபத்து?
— டெவலப்பர், மதுரை

ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கதையைச் சொல்ல வேண்டும். 1992 அக்டோபர் 26 அன்று அங்கே கணினி வழி அனுப்பும் முறை முழுமையாகத் தொடங்கியது. அழைப்பு வந்ததும் எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று மென்பொருளே பார்த்து அனுப்பும். இதற்கு முந்தைய முயற்சி 75 லட்சம் பவுண்டு செலவுக்குப் பிறகு 1990ல் கைவிடப்பட்டிருந்தது. அதனால் இந்த முறை நிர்வாகத்துக்கு நேரமும் செலவும்தான் முன்னால் நின்றன. வண்டிகள் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற தரநிலையை எட்ட வேண்டிய நெருக்கடியும் இருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கும் வண்டியில் இருந்தவர்களுக்கும் வேறு தேவைகள். எந்தப் பகுதியில் எந்த வண்டி, எந்தக் குழு என்பதைப் பல வருட அனுபவத்தில் கைக்குள் வைத்திருந்தவர்கள் கட்டுப்பாட்டாளர்கள். புதிய அறை அமைப்பில் அந்த உள்ளூர் அறிவுக்கு இடமில்லாமல் போனது. வண்டிக் குழுவினர் ஒவ்வொரு கட்டத்திலும் சரியான பொத்தானைச் சரியான வரிசையில் அழுத்துவார்கள், வண்டி இருக்கும் இடம் எப்போதும் துல்லியமாக வந்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. அழுத்த மறந்தாலோ சிக்னல் கிடைக்காவிட்டாலோ வண்டி எங்கே என்று கணினிக்குத் தெரியாது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி போனது. பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டுத் தூரத்தில் இருந்ததை அனுப்பியது. எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து திரையில் பழையவை மேலே போய் மறைந்தன. உதவி வராதவர்கள் மறுபடி மறுபடி அழைத்ததில் அழைப்புகளும் பெருகின. மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அன்று அதுவும் நின்றது. ஒவ்வொரு முறை வண்டியை அனுப்பும்போதும் சர்வரில் கொஞ்சம் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்த ஒரு துண்டு நிரல் காரணம். அது மூன்று வாரம் முன்பே உள்ளே வந்திருந்தது; அதற்குள் நினைவகம் தீர்ந்துவிட்டது.

அந்தத் துண்டு நிரலை மட்டும் திருத்தியிருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 1993ல் வந்த விசாரணை அறிக்கை, வண்டிக் குழுவினருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இந்த முறை தங்களுடையது என்ற எண்ணமே இல்லை என்பதையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

உங்கள் மேனேஜரிடம் ‘பயனாளரைச் சந்திக்க வேண்டும்’ என்று அனுமதி கேட்டால், தன் மேல் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்வார். ‘இரண்டு மணி நேரம் அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம், கேள்வி எதுவும் கேட்க மாட்டோம், பார்த்ததை முதலில் உங்களுக்கே காட்டுகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்த கடைசி ஐம்பது புகார்களைக் கேளுங்கள். யாரும் மறுக்காத ஆவணம் அது. பயனாளரின் குரலும் அதில் அப்படியே இருக்கும்.

கேள்வி: வாடிக்கையாளர்களுக்கான எஸ்.எம்.எஸ். தமிழில் போக வேண்டும் என்கிறது மார்க்கெட்டிங். செலவு மூன்று மடங்காகும், ஆங்கிலமே போதும் என்கிறது நிதிப் பிரிவு. உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசமா?
— மென்பொருள் பொறியாளர், திருச்சி

உண்மைதான். சாதாரண ஆங்கில எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்துக்கு இடம் உண்டு. தமிழ் யூனிகோடில் போனால் 70 குறிகள்தான். அதைத் தாண்டிவிட்டால் செய்தி 67 குறிகள் கொண்ட துண்டுகளாக உடையும். 150 குறி நீளமுள்ள செய்தி ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் மூன்று. மூன்றுக்கும் காசு.

இதில் கவனிக்க வேண்டியது, நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருப்பது. ‘கோவிந்தசாமி’ என்ற பெயரில் நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கு க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ந, புள்ளி, த, ச, கால், ம, இகரக் குறி என்று பதினொன்று. ஆகவே 70 குறி என்பது நம் கணக்கில் சுமார் நாற்பது எழுத்துதான். டேட்டாபேஸில் யூ.டி.எஃப்-8 முறையில் வைத்தால் அந்தப் பதினொன்றும் மும்மூன்று பைட், மொத்தம் 33. பெயர் கட்டத்துக்கு 30 பைட் ஒதுக்கியிருந்தால் கோவிந்தசாமியைச் சேமிக்க முடியாது. இது எஸ்.எம்.எஸ். பிரச்சினையைவிட மோசம். சோதனையில் ‘ரவி’, ‘மாலா’ என்று போட்டுப் பார்த்து எல்லாம் சரி என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

இரண்டு பிரிவுமே தங்கள் பக்கத்தில் நியாயம் உள்ளவை. எல்லாச் செய்தியும் தமிழா ஆங்கிலமா என்று பொதுவாக முடிவெடுக்கப் போனால் வாக்குவாதம் தீராது. செய்திகளைப் பிரித்துப் பாருங்கள். படித்தவுடன் வாடிக்கையாளர் ஏதாவது செய்ய வேண்டியவை, அதாவது தவணை நினைவூட்டல், ‘ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற எச்சரிக்கை போன்றவை தமிழில் போகட்டும். அவற்றை 70 குறிக்குள் அடக்கி எழுதத் தமிழ் நன்றாகத் தெரிந்தவரைப் பிடியுங்கள். ‘தங்களது கோரிக்கை வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது’ என்று நீட்டுவதைப் ‘பதிவாகிவிட்டது’ என்று முடிக்கலாம். பதிவு எண், ரசீது போன்ற தகவல் செய்திகள் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மொழியில் போகட்டும். அந்தத் தேர்வுக்கு முதல் நாளிலேயே ஒரு கட்டம் வைத்துவிடுங்கள். வாசகங்களையும் சீக்கிரம் முடிவு செய்ய வேண்டும். வணிகச் செய்தியின் வாசகம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவாகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும், கோ-லைவ் அன்று ஒரு வரி மாற்றினாலும் மறு ஒப்புதல் தேவை.

கேள்வி: எங்கள் வாடிக்கையாளரின் பாதுகாப்புப் பிரிவும் ஆடிட்டரும் எதைக் கேட்டாலும் ‘இது சட்டம்’ என்கிறார்கள். மற்ற எல்லாம் பின்னுக்குப் போகிறது. மறுக்க முடியுமா?
— டீம் லீட், சேலம்

சட்டத்தை மறுக்க முடியாது. சட்டம்தானா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எந்தச் சட்டம், எந்த அறிவிப்பு, எந்தத் தேதியிலிருந்து, எங்கள் அளவுள்ள நிறுவனத்துக்குப் பொருந்துமா என்று நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். உதாரணமாக, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு. இதற்கு வாக்கெடுப்பு கிடையாது, முன்னுரிமைப் பட்டியலிலேயே வைக்காதீர்கள், திட்டத்தின் எல்லைக்கோடாக எழுதிவிடுங்கள். ‘எல்லாப் பதிவையும் ஏழு வருடம் வைக்க வேண்டும்’ என்று கூடவே யாராவது சேர்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சில சமயம் அது உள்விதி, சில சமயம் பழக்கம். உள்விதியை மதிக்கலாம், ஆனால் அதற்குச் செலவைக் காட்டிப் பேச இடமுண்டு.

சட்டத்தில் இருந்து வருவது மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதலுக்கு மேல் உள்ளவர்களுக்கு வந்தது. பிறகு 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு வந்து நின்றது. மூன்று வருடத்துக்குள் ஆறு எல்லை. அந்த எண்ணை நிரலுக்குள் எழுதியவர்கள் ஒவ்வொரு முறையும் திறந்து திருத்தினார்கள். அமைப்புப் பக்கத்தில் வைத்தவர்கள் ஓர் எண்ணை மாற்றிவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்கள்.

கேள்வி: கோ-லைவ் தேதி மாறாது, அம்சமும் குறையக் கூடாது என்கிறார்கள். ஆட்களைக் கூட்டுகிறோம் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?
— ஸ்க்ரம் மாஸ்டர், பெங்களூரு

கடைசி நேரத்தில் வரும் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க உங்கள் நல்ல ஆட்களின் நேரம்தான் போகும். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் சேர்வதற்கான அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தே ஆக வேண்டும் என்ற நிலையில் திறக்கப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள், பல அரசுத் துறைகள், ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ‘இன்னும் தயாராகவில்லை’ என்று சொல்லி நிறுத்தும் அதிகாரம் தெளிவாக ஒருவர் கையில் இல்லை. கடைசிக் கட்டத்தில் எடுத்த ஒரு முடிவு, காப்பீட்டுத் திட்டங்களைச் சும்மா பார்க்க வந்தவரையும் முதலில் கணக்குத் தொடங்கச் சொன்னது. கூட்டம் முழுவதும் கணக்குத் தொடங்கும் வாசலில் நெரிந்தது. முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறு பேர். பிறகு தனிக் குழு அமைத்து, டிசம்பர் தொடக்கத்தில்தான் ஓரளவு சீராக்கினார்கள்.

தேதி மாறாது என்றால் அகலத்தைக் குறையுங்கள். எல்லா அம்சங்களோடும் ஒரு கிளை, அல்லது எல்லாக் கிளைகளிலும் ஒரே ஒரு வேலை முழுமையாக. பாதி வெந்த முப்பது திரையைவிட முழுதாக ஓடும் எட்டுத் திரையை எந்த இயக்குநரும் ஏற்பார், முன்கூட்டிச் சொன்னால். தேதிக்கு ஆறு வாரம் முன்பு சொன்னால் அது யோசனை. ஆறு நாள் முன்பு சொன்னால் அதே வார்த்தை சாக்காகத் தெரியும்.

கேள்வி: டெமோ நடக்கும்போதே வாடிக்கையாளரின் இயக்குநரும் செயல்பாட்டு மேலாளரும் எங்கள் எதிரில் மோதிக்கொள்கிறார்கள். இருவருமே எங்களைப் பார்த்து ‘நீங்களே சொல்லுங்கள்’ என்கிறார்கள்.
— ஜூனியர் அனலிஸ்ட், கோவை

தீர்ப்புச் சொல்லாதீர்கள். ‘சார், ரெண்டு வழிக்கும் எத்தனை நாள், எது தள்ளிப்போகும் என்று நாளை காலை எழுதித் தருகிறோம்’ என்று சொல்லி டெமோவைத் தொடருங்கள். எழுதித் தருவது அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது: பிரச்சினை ஒரு வரி, இரண்டு வழிகள், ஒவ்வொன்றுக்கும் நாள், ஒவ்வொன்றாலும் யாருக்கு என்ன கஷ்டம், எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும். தேதிக்குள் முடிவு வராவிட்டால் எந்த வழியில் போவோம் என்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தாள் மேசையிலேயே கிடக்கும். யார் முடிவெடுப்பவர் என்ற பெயர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வாரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு பெயர், இரண்டு அல்ல.

கேள்வி: எல்லோரும் ஒப்புக்கொண்ட வரிசைகூட மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கணக்குப் பிரிவு சில வாரம் நன்றாக ஒத்துழைக்கிறது, சில வாரம் போனையே எடுப்பதில்லை. ஏன்?
— டெஸ்டர், ஈரோடு

நாட்காட்டியைப் பாருங்கள். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-1 பதினொன்றாம் தேதி, வரி கட்டும் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-3பி இருபதாம் தேதி. எட்டிலிருந்து பதினொன்று வரையும் பதினெட்டிலிருந்து இருபது வரையும் கணக்காளர் உங்கள் டெஸ்டிங்குக்கு வர மாட்டார். வந்தாலும் பார்க்காமல் ‘ஓகே’ போடுவார், அது வராததைவிட ஆபத்து. மார்ச் கடைசி வாரம் கேட்கவே வேண்டாம். ஜவுளிக் கடை என்றால் தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம் யாரும் கிடைக்க மாட்டார்கள், புத்தகக் கடை என்றால் ஜூன்.

திட்டம் தொடங்கும்போதே ஒவ்வொரு பிரிவிடமும் ‘எந்த நாட்களில் எங்களை உள்ளே விட மாட்டீர்கள்?’ என்று கேட்டு ஒரே தாளில் வருடம் முழுவதையும் குறித்துவிடுங்கள். கணக்குப் பிரிவின் யூ.ஏ.டி.யை, அதாவது பயனாளரே செய்து பார்க்கும் சோதனையை, இருபத்திரண்டாம் தேதி தொடங்கி இருபத்தெட்டுக்குள் முடியுங்கள்.